நெல்லிக்காய் அளவு புளி

2017 மே மாதக் கடைசியில் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றேன். அடுத்த வாரமே கடைத்தெருவுக்குப் போய் 192 பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே 'குடும்ப விவரம்' என்று எழுதினேன். உள்ளே எழுதியது முழுவதும் என் மனைவிக்காக. எனக்கும் அவளுக்கும் ஐந்து வயது வித்தியாசம். என் அப்பா அறுபத்து நான்கு வயதில் போனார், பெரியப்பா அறுபத்தொன்றில். அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் எண்பதைத் தொட்டார்கள். ஆகவே எங்கள் இருவரில் முதலில் கிளம்பப்போவது நான்தான் என்பதில் எங்களுக்குள் ஒரு நாளும் ஐயம் இருந்ததில்லை. அதைப் பற்றிப் பேசும்போது துக்கம்கூட இருக்காது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றுவதைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவோம்.

நோட்டில் வங்கிக் கணக்கு எண் இருந்தது. கணக்கு இருவர் பேரிலும் இருப்பதால் எஞ்சியிருப்பவர் பணம் எடுக்கலாம் என்ற குறிப்பு இருந்தது. பொன்மலைப்பட்டி வீட்டுப் பத்திரத்தின் எண், மின் இணைப்பு எண், வீட்டு வரி ரசீது இருக்கும் பை, காப்பீட்டுப் பத்திரம் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதெல்லாம் இருந்தன. என் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி எனக்கு ஓய்வூதியம் என்றும், எனக்குப் பிறகு அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்கு அவளுக்குக் குடும்ப ஓய்வூதியமாக வரும் என்றும் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். தனிப் பக்கம் ஒன்றில் 'நான் இறந்தவுடன் செய்ய வேண்டியவை' என்று தலைப்பிட்டு, இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், சான்றிதழில் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண் போட்டு எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை உட்கார வைத்து அதை முழுவதும் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில், "இந்த நோட்டு எங்க இருக்கும்னு மட்டும் சொல்லுங்க, அது போதும்" என்றாள்.

2022 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, துணி காயப்போட மாடிக்குப் போனவள் பாதியிலேயே இறங்கி வந்து, தலை வலிக்கிறது என்று கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மூன்று நாள்களைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

நோட்டை நான்தான் எடுத்தேன். அவளுக்காக என் கையெழுத்தில் எழுதி வைத்திருந்த வரிசை எண்களை ஒவ்வொன்றாக நானே செய்து முடித்தேன். எதிர்பாராத சிக்கல் ஒன்றே ஒன்று வந்தது. அவளுடைய பள்ளிச் சான்றிதழில் அவள் அப்பாவின் முதலெழுத்து. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் என் முதலெழுத்து. மருத்துவமனைப் படிவத்தில், பதற்றத்தில் நின்ற என் மகன் முதலெழுத்தே இல்லாமல் வெறும் பெயரை எழுதிவிட்டான். காகிதத்தின்படி மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்கள் மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கையொப்பம் வாங்கி, சேமிப்புப் பத்திரம் இருந்த அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். தமிழ்ப் பெண்களுக்குக் கல்யாணத்தில் முதலெழுத்து மாறுகிறது என்பதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அலுவலகங்கள், ஒவ்வொரு முறையும் அதை முதன்முறையாகக் கேள்விப்படுவதுபோலத்தான் கேட்கின்றன. குடும்ப ஓய்வூதியப் பக்கத்தில் பேனாவால் குறுக்குக் கோடு போட்டேன். நோட்டின் வேலை அதோடு முடிந்தது.

சமையலறைக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, மகன் சென்னைக்கும் மகள் பெங்களூருக்கும் போன பிறகு, ஒரு காலையில் முதன்முறையாக அந்த வீட்டில் தனியாக நின்றேன். பதினோரு மணிக்கு உலை வைக்கலாம் என்று போனபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு ஒருவேளைக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்பது, அறுபத்தைந்து வயதில், எனக்குத் தெரியாது. பணிமனையில் நான் வேலை பார்த்தது சக்கரப் பிரிவில். புதிய பயணிகள் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர் என்றும், ஓர் அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகக்கூடாது என்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (இதை வைத்துக் கணவன் மனைவி பற்றி உவமை சொல்ல நண்பர் ஒருவர் முயன்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.) என் வயிற்றின் அளவு மட்டும் வேறொருவர் வசம் இருந்திருக்கிறது.

முதல் நாள் ஒரு டம்ளர் அரிசி வைத்தேன். அது மூன்று வேளைக்கு வந்தது. மூன்றாம் வேளை தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோர் விட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் அரை டம்ளர் அரிசிக்குப் பாதித் தண்ணீர் வைத்தேன். அடிபிடித்தது. இரண்டு பேருக்கான தண்ணீரில் சரிபாதி ஓர் ஆளுக்குப் போதாது. குக்கரிலிருந்து ஆவியாகப் போவது அரிசி எவ்வளவு என்று பார்த்துப் போவதில்லை. இதை அவளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்கு இது கைக்குத் தெரியும், காரணம் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. எனக்குக் காரணம் தெரிந்தது, சோறு வரவில்லை.

அவள் அரிசி அளப்பது அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளை ஆழாக்கில். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு 168 மில்லி என்பது கணக்கு. பழைய தொழில் புத்தியில், அதில் தண்ணீர் நிறைத்து எடைபோட்டுப் பார்த்தேன். 150 மில்லிக்கு மேல் கொள்ளவில்லை. திருப்பிப் பார்த்தால் வயிற்றுப் பக்கத்தில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஓர் ஒடுக்கு. அவள் அரிசி அளந்து போட்ட பிறகு கையால் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவதைப் பல ஆண்டுகளாகக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்; தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கருவியின் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலமாரியில் ஒரே அச்சில் பன்னிரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. கடுகு தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது ஏழாவது டப்பாவில் கடுகு கிடைத்தது. அதற்குள் எண்ணெய் புகைந்துவிட்டது. அன்று மாலையே வெள்ளை ஒட்டுத்தாளில் து.பருப்பு, ப.பருப்பு, உ.பருப்பு என்று எழுதி எல்லாவற்றிலும் ஒட்டினேன். தீபாவளி விடுமுறைக்கு வந்த மகள் அந்த அலமாரியின் முன் வெகுநேரம் நின்றாள். "ஸ்டோர் ரூம் மாதிரி ஆக்கிட்டீங்கப்பா" என்றாள். பணிமனை ஸ்டோர் இதைவிட ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

மாவு விஷயத்தில் தோற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்பது எனக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஓர் ஆளுக்கான உளுந்தைப் போட்டால் கல்லுக்கு அது அகப்படவே இல்லை. சுற்றிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கல்லுக்கு அகப்படும் அளவுக்குப் போட்டால் பத்து நாளைக்கு இட்லி தின்ன வேண்டும், நான்காம் நாளே புளித்துவிடும். கடை மாவுக்குப் போய்விட்டேன். கிரைண்டருக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.

என் அக்கா புதுக்கோட்டையில் இருக்கிறாள். அத்தான் 1989-இல் தவறியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பையன்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிவடைந்த பிறகு கணவனை இழந்த பெண்கள் பலருக்கு அதில் வேலை கிடைத்தது. அவளும் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தாள். குழந்தை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கில் தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்கு அளந்து கொடுத்தவள். அவளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, எனக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்று கேட்டேன்.

"ஒனக்கு எழுவது கிராம் போதும்டா தம்பி. நீ என்ன அஞ்சாங்கிளாஸ் பையனா?" என்றாள். அந்த எழுபது கிராம்தான், அந்த ஒடுங்கிய ஆழாக்கில் பாதியும் சொச்சமும், இன்றுவரை என் அளவு.

அந்த ஐப்பசியில் அவள் ஒரு வாரம் வந்து தங்கினாள். குழம்பும் ரசமும் கற்றுக்கொடுத்தாள். எதைக் கேட்டாலும், "கண்ணளவு", "கைக்கு அடங்குற மாதிரி", "எலுமிச்சங்கா அளவு" என்றே சொன்னாள். நூற்றிருபது பேருக்குக் கிராம் கணக்கில் சொல்பவள் நான்கு பேருக்கு வந்தவுடன் பழமாகவும் காயாகவும் பேசத் தொடங்கிவிடுகிறாள். எனக்கு எரிச்சல் வந்தது. எலுமிச்சை எந்த ஊர் எலுமிச்சை என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, கோபம் இல்லாமல்தான் சொன்னாள்:

"ஒன் பொஞ்சாதி போனதும் வந்தவங்க எல்லாரும் என்ன கேட்டாங்க? சோத்துக்கு என்ன பண்ணுவான், சோத்துக்கு என்ன பண்ணுவான்னு கேட்டாங்க. ஒன் அத்தான் போனப்ப ஒருத்தர்கூட அதக் கேக்கல. சோறாக்கத் தெரிஞ்சவதானே, அவளுக்கென்ன கொறச்சல்னு விட்டுட்டாங்க. அவங்க கேட்டதெல்லாம் பொட்டு, பூவு, எந்த வாசல்ல நிக்கணும், எந்த வாசல்ல நிக்கக்கூடாது, அதுதான்."

நான் பதில் சொல்லவில்லை. 2012-இல் என் மகள் கல்யாணத்தில் அக்கா மண்டபத்துச் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்ததும், நான் அவளை மணவறைப் பக்கம் கூப்பிடாததும் எனக்கு நினைவிருக்கிறது. கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது. என் மனைவி அப்போது ஒரு முறை, "அண்ணிய முன்னால கூப்பிடுங்க" என்று காதோடு சொன்னாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தள்ளிவிட்டேன். அவள் போன மறு ஆண்டு மைத்துனர் மகன் கல்யாணத்துக்குப் போனேன். என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, அட்சதை கொடுத்து, மணமக்களை வாழ்த்தச் சொன்னார்கள். துணையை இழந்தவன்தான் நானும். ஒருவரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. மாறாக, "பாவம், ஒத்தையா வந்திருக்கார்" என்று பந்தியில் இரண்டாவது முறையாக வடை வைத்தார்கள்.

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் இருந்திருக்கிறது. தொல்காப்பியம் காதலியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும், காதலனை இழந்தவள் நிலையைத் தாபத நிலை என்றும் அடுத்தடுத்த அடிகளில் சொல்கிறது. பெண்ணுக்குப் பிறகு எத்தனையோ சொற்கள் வந்து சேர்ந்தன, ஒவ்வொன்றும் ஒரு விலக்கோடு. தபுதாரன் அகராதியிலேயே தங்கிவிட்டான். என்னைக் குறிக்க என் தெருவில் ஒரு சொல்லும் இல்லை. 'வீட்டம்மா தவறிட்டாங்க' என்று அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரே வைக்காமல் விட்டதும் ஒரு சலுகைதான் என்று இப்போது தோன்றுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் ஆண்டு பண்டிகை இல்லை. வீட்டில் பலகாரம் சுடவில்லை, தை மாதம் பொங்கல் வைக்கவில்லை, பக்கத்து வீட்டார் தூக்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆவின் பால் இரண்டு பாக்கெட்டில் ஒன்றைக் குறைக்கச் சொல்ல எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை மீந்த பாலை உறை ஊற்றி உறை ஊற்றி, தெருவுக்கே மோர் கொடுத்தேன். பூக்காரம்மா வாடிக்கையாகக் கொடுக்கும் இரண்டு முழத்தை ஒரு முழமாக்கி, படத்துக்கு என்று அவராகவே தந்துவிட்டுப் போனார். சாயங்கால விளக்கை நான்தான் ஏற்றுகிறேன். வாசல் தெளிக்கிறேன், கோலம் வராது. ஒட்டுக் கோலம் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னான், வேண்டாம் என்றேன். மார்கழியில் மின்கணக்கு எடுக்க வந்தவர் 94 யூனிட் என்று எழுதிவிட்டு, கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றார். 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். அத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட நாங்கள் நூறுக்குள் நின்றதில்லை. "நல்லா சிக்கனமா இருக்கீங்க சார்" என்று அவர் பாராட்டினார்.

சாம்பார்ப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தச் சித்திரையில் அவள் மிளகாயும் மல்லியும் மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து, மூன்று பாட்டிலில் அடைத்திருந்தாள். இரண்டு பாட்டில் காரிய நாள்களில் தீர்ந்தன. மூன்றாவதை நான் எடுத்து ஒளித்து வைத்தேன். கடையில் பொடி வாங்கிப் பயன்படுத்திக்கொண்டு, அதை மட்டும் தொடாமல் பத்து மாதம் வைத்திருந்தேன். மறு ஆண்டு கோடையில் மகள் வந்தபோது தற்செயலாக அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பொடி செத்துப்போச்சுப்பா, வாசமே இல்ல, கொட்டிரவா?" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு அது யார் அரைத்த பொடி என்று உறைத்தது. இருவரும் அன்றைக்கு அதைப் போட்டே சாம்பார் வைத்தோம். மண் மாதிரி இருந்தது. நன்றாக இருந்த காலத்திலேயே சாப்பிட்டிருக்க வேண்டும்.

மகள் கூப்பிட்டாள் என்று பெங்களூரில் ஏழு வாரம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே நேரத்துக்குச் சோறு கிடைத்தது. சமையலறைக்குள் காலை வைத்தால், "நீங்க போய் உக்காருங்கப்பா" என்ற குரலும் கிடைத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய்த் திரும்பினேன்.

சமையலறைக்கு நோட்டு இல்லை என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. அலமாரித் தட்டுகளுக்குத் தாள் விரிக்கலாம் என்று பரணில் தேடியபோது, மளிகைக்கடை தரும் மாதக் காலண்டர்களைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்த கட்டு ஒன்று கிடைத்தது. 2009-இலிருந்து 2022 வரை, ஆண்டுக்கு ஒன்று. சமையலறைக் கதவின் பின்பக்கத்தில் தொங்கிய காலண்டர்கள் அவை. ஒவ்வொரு மாதத்திலும் தேதிக் கட்டங்களுக்குள் பென்சிலால் பொடி எழுத்துகள்: சி, மா, பா 1, மி. 'பா 1' என்பது கூடுதலாக ஒரு பாக்கெட் பால் வாங்கிய நாள் என்று சீக்கிரம் பிடிபட்டது. 'மி' மில்லுக்குப் போன நாள். 'மா' மாவரைத்த நாள் என்று நினைத்தேன். ஆனால் அது சரியாக முப்பது நாளைக்கு ஒரு முறைதான் வந்தது. பிறகுதான் விளங்கியது. என் சர்க்கரை மாத்திரை. ஓய்வு பெறுவதற்கு ஆறு ஆண்டு முன்பிருந்தே சாப்பிட்டுவருகிறேன், ஒரு நாளும் டப்பாவில் இல்லாமல் போனதில்லை. 2022 செப்டம்பரில் முதன்முறையாகத் தீர்ந்துபோனபோது, கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்றுதான் சந்தேகப்பட்டேன்.

'சி' சிலிண்டர். 14.2 கிலோ எரிவாயு எத்தனை நாளைக்கு வந்தது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரு தாளை எடுத்து, பதினான்கு ஆண்டுகளின் 'சி' தேதிகளையும் வரிசையாக எழுதி, இடைப்பட்ட நாள்களைக் கணக்கிட்டேன். இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. 2009-இல் பிள்ளைகள் இருவரும் வீட்டில்: 27, 29, 28. 2011 கார்த்திகையில் திடீரென்று 19, அடுத்து 18. அது என் அம்மா எங்களிடம் வந்து படுக்கையில் கிடந்த காலம், இரவும் பகலும் என் மனைவி வெந்நீர் போட்டுக்கொண்டே இருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு மறுபடியும் 28. மகள் கல்யாண மாதத்தில் 12. அவள் புகுந்த வீடு போனதும் 34. மகன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் 45, 47, 46 என்று ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. நாங்கள் இருவர் மட்டும் இருந்த காலம் அது. 2020-இல் ஊரடங்கில் மகள் குடும்பத்தோடு வந்து இங்கேயே மாட்டிக்கொண்டபோது 24. பிறகு மறுபடியும் 46. எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் படுத்தார்கள் என்பது முழுவதும் அந்த எண்களில் இருந்தது. பணிமனையில் சக்கரத் தேய்மானப் பதிவேட்டை முப்பது ஆண்டு எழுதியவன் நான். இவ்வளவு சுத்தமான பதிவேடு ஒன்று என் வீட்டுக் கதவின் பின்னால் தொங்கியதை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் எழுதிய கடைசி 'சி' 2022 ஆகஸ்ட் 9. அந்தச் சிலிண்டர் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டே தீர்ந்துவிட்டது. அதற்கு அடுத்தது செப்டம்பர் 10, யார் மாட்டினார்கள் என்று தெரியாது; ரசீதைப் பார்த்துத்தான் தேதி கண்டுபிடித்தேன். அது டிசம்பர் 28 வரை வந்தது. 109 நாள்.

இப்போது கதவின் பின்னால் காலண்டர் மாட்டியிருக்கிறேன். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், அவள் கட்டியிருந்ததுபோலவே. 'சி'யும் 'மா'வும் நான்தான் எழுதுகிறேன். அக்கா மாதத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். அந்த நாள்களில் 'பா 1'.

'குடும்ப விவரம்' நோட்டில் 41 பக்கம்தான் எழுதியிருந்தேன், மீதி வெறும் தாள். அதைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து சமையல் குறிப்பு எழுதிக்கொண்டு வருகிறேன். போன வாரம் எழுதியது இது:

ரசம், ஓர் ஆளுக்கு. தக்காளி நடுத்தரம் ஒன்று. மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் முக்கால், பூண்டு நான்கு பல் தோலோடு. பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி. நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது. புளி நெல்லிக்காய் அளவு. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் நெல்லிக்காய் வாங்கி, வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பார்த்தேன். 24 மில்லிமீட்டரிலிருந்து 33 வரை இருக்கிறது. எந்த நெல்லிக்காய் என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.